கேமரன் மலைக் காணிக்கைப் பையும் டோர்னக்கல் பேராயரும்: யார் இந்த வி.எஸ். அசரியா?

கேமரன் மலைக்குப் போயிருக்கீங்களா? தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை. ரிங்லெட் வந்ததும் காற்றில் குளிர் தெரியும். அப்புறம் சரிவுகள் முழுக்கப் பச்சைப் பாய் விரித்தது போலத் தேயிலை.

பெரும்பாலும் நாம் அங்கே தேநீர் குடிப்போம், ஸ்ட்ராபெரி வாங்குவோம், படம் எடுப்போம், இறங்கிவிடுவோம். ஆனால் அந்தச் செடிகளை நட்டு, கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழர்களின் கைகள். 1929இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் உட்பட, அந்த மலையின் தோட்ட வரலாறே தமிழ்த் தொழிலாளர்களோடு சேர்ந்த வரலாறுதான். தோட்டத்து மக்களுக்கு ஒரு கோயில் இருந்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிய இடங்களில் ஜெபக்கூட்டமும் சிறு தேவாலயமும் இருந்தன.

இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கற்பனை செய்து பாருங்க. மலேசியாவில் ஏதோ ஒரு தமிழ்ச் சபை. காணிக்கைப் பை வரிசை வரிசையாகச் சுற்றி வருகிறது. பாட்டி ஒருவர் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரிங்கிட்டைப் போடுகிறார். கடைசியில் ஓர் அறிவிப்பு: இந்த மாதத்தின் சிறப்புக் காணிக்கை, வெளிநாட்டில் ஊழியம் செய்யும் ஒரு போதகரின் குடும்பத்துக்கும், அங்குள்ள விடுதியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஒரு காலத்தில் மலாயாவின் தமிழ்ச் சபைகளுக்கே போதகர்கள் கடல் தாண்டித்தான் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்குச் சம்பளமும், பள்ளிக்குச் சுவரும், பல சமயம் யாரோ முகம் தெரியாதவர்களின் பணத்தில்தான் கிடைத்தன. வாங்கிய கை எப்போது கொடுக்கும் கையாக மாறியது?

இந்தக் கேள்வியோடு தமிழ்க் கிறிஸ்தவர்களின் வரலாற்றைப் புரட்டினால், ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். வேதநாயகம் சாமுவேல் அசரியா.

யார் அவர்? சுருக்கமாக

பனங்காட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்த தமிழர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். இந்தியர்களே ஆள் அனுப்பி, இந்தியர்களே செலவு செய்து, இந்தியர்களே நடத்தும் மிஷனரி அமைப்புகள் இரண்டைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். உதவி வாங்குபவனும் உதவி செய்பவனும் சமமாக ஒரே மேசையில் உட்கார முடியுமா என்று உலகத் தலைவர்கள் கூடிய ஓர் அரங்கில் வெளிப்படையாகக் கேட்டவர்.

கடைசியாகச் சொன்ன அந்தக் கேள்விதான் அவருடைய கதையை இன்றும் சுவாரசியமாக்குகிறது.

தோட்டத்துக்கும் திருநெல்வேலிக்கும் என்ன தொடர்பு?

அசரியா பிறப்பதற்கு முன்பே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை மலைநாட்டில் காபித் தோட்டங்கள் பரவின. தேயிலை பிறகுதான் வந்தது. தென் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். 1850களில் அந்தத் தோட்டத் தமிழர்களுக்காக ஒரு தனி மிஷன் தொடங்கப்பட்டது. அதன் பெயரே தமிழ்க் கூலி மிஷன். இன்று கேட்டால் முகம் சுளிக்க வைக்கும் பெயர், இல்லையா? அப்போது அதுதான் வழக்கம்.

அந்த மிஷனுக்கு உபதேசிமார் எங்கிருந்து போனார்கள் தெரியுமா? திருநெல்வேலியிலிருந்து. உபதேசி என்றால் முழுப் போதகர் அல்ல; ஊர் ஊராகப் போய்ப் போதித்து, பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுப்பவர். ஆக, மலைத் தோட்டத்துத் தமிழரைத் தேடித் தமிழரே கடல் தாண்டிப் போனது புதிய கதை அல்ல. ஆனால் திட்டம் போட்டதும், யார் எங்கே போகணும் என்று முடிவு செய்ததும் ஐரோப்பியர்கள். தமிழர்கள் அனுப்பப்பட்டார்கள், அனுப்புகிறவர்களாக இன்னும் ஆகவில்லை.

வெள்ளாளன்விளைப் பையன்

1874 ஆகஸ்ட் 17. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் வெள்ளாளன்விளை. செம்மண், பனைமரம், வெயில். அந்த ஊரின் போதகர் தாமஸ் வேதநாயகம். திருநெல்வேலிப் பக்கம் போதகரை 'ஐயர்' என்று அழைப்பார்கள். வேதநாயகம் ஐயர் இந்துக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, 1839இல் கிறிஸ்தவரானவர். மனைவி எல்லன். பல ஆண்டுகள் காத்திருந்து பிறந்த மகன் என்பதால், பைபிளில் வரும் அன்னாளின் கதையை நினைத்து, பிள்ளைக்குச் சாமுவேல் என்று பெயர் வைத்தார்கள்.

குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் அந்தச் சமூகத்துக்குக் கோயில் நுழைவு மறுக்கப்பட்டது. உடை உடுத்துவதற்கே போராட வேண்டியிருந்தது. சாதி எங்கே எப்படி வலிக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அசரியா இல்லை.

1889இல் அப்பா இறந்துவிட்டார். மெய்ஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளி, திருநெல்வேலி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு தொடர்ந்தது. கல்லூரியில் கணிதம் படித்தார். கே.டி. பால் என்ற நண்பர் அங்கேதான் கிடைத்தார். ஆனால் தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டுப்போய், பி.ஏ. பட்டம் வாங்காமலே அசரியா வெளியே வந்தார். பின்னாளில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. தேர்வில் தடுக்கிவிழுந்தவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இருபது வயதைத் தாண்டியதும் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய் இளைஞர்களைச் சந்திக்கும் வேலை. அங்கே அமெரிக்கரான ஷெர்வுட் எட்டி நண்பரானார். ஒன்றாகப் பயணம், ஒன்றாகச் சாப்பாடு, வாக்குவாதம் எல்லாம் உண்டு. வெள்ளைக்கார மிஷனரியும் இந்திய ஊழியரும் இப்படிச் சகஜமாகப் பழகுவது அன்று அபூர்வம்.

1898இல் அன்பு மரியம்மாளைத் திருமணம் செய்தார். கல்லூரி வரை படித்த மிகச் சில தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் அன்பு ஒருவர். வரதட்சணை வாங்காத, ஆடம்பரமில்லாத கல்யாணம். பிற்காலத்தில் டோர்னக்கல் பணியில் பாதிச் சுமையை அன்புதான் சுமந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம்.

நன்கொடையோடு வந்த பெயர்கள்

அசரியாவின் வாழ்க்கையைத் திருப்பிய பயணம் 1902இல் நடந்தது. எட்டியோடு யாழ்ப்பாணம் போனார்.

அவர் அங்கே என்ன பார்த்தார் என்பது புரிய, யாழ்ப்பாணத்தின் பழைய கதை ஒன்று தெரியணும். அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். படிப்புக்கான பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஒரு நன்கொடையாளர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், அவர் சொல்லும் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. அதனால்தான் அந்தக் காலத்து யாழ்ப்பாணத் தமிழறிஞர்கள் பலருக்கு நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று இரட்டைப் பெயர்களைப் பார்க்கிறோம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவரில் ஒருவர் அந்தக் கரோல் விசுவநாதபிள்ளை. இன்னொருவர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை.

யோசித்துப் பாருங்க. அந்தப் பணம் இல்லாவிட்டால் இந்தப் படிப்பு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த உதவி உண்மையானது. ஆனால் உதவியோடு சேர்த்து ஒரு பிள்ளையின் பெயருக்குள்ளும் யாரோ நுழைந்துவிட்டார்கள். தூரத்திலிருந்து வரும் பணத்தில் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்: கதவைத் திறக்கும் நன்மையும், கதவின் சாவி தன்னிடம் என்று நினைக்கும் உரிமையும்.

1902இல் அசரியா யாழ்ப்பாணத்தில் கண்டது இதற்கு நேர்மாறான காட்சி. அமெரிக்கப் பணத்தில் வளர்ந்த அதே சபைகளின் பிள்ளைகள், தாங்களே ஒரு மிஷனரிச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மாணவர்களும் சபையாரும் சேர்த்த பணத்தில், பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கும் தொண்டிக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். ஆமாம், ராமநாதபுரக் கரையில் இருக்கும் அதே தொண்டி. சின்னஞ்சிறு யாழ்ப்பாணம் கடல் தாண்டி இந்தியாவுக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்தது. அதைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலித் திருச்சபை, யாருக்கும் சொந்தமாக ஆள் அனுப்பவில்லை.

அது அசரியாவை உறுத்தியது. திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை.

1903: ஆள், காசு, நிர்வாகம் மூன்றும் நம்முடையது

1903 பிப்ரவரி 12. பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. செயலாளர் அசரியா. விதி எளிமையானது: போகிற ஆள் இந்தியர், செலவாகிற காசு இந்தியக் காசு, முடிவெடுக்கிற குழுவும் இந்தியக் குழு. வெளிநாட்டுப் பணம் வேண்டாம்.

இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்று காங்கிரஸே முழு விடுதலை கேட்காத காலம். சுதேசி இயக்கம் வங்கத்தில் வெடிப்பதற்கு 2 ஆண்டுகள் முன்பு. அப்போது பனங்காட்டுக் கிராமங்களின் சபைகள், நம்ம வேலையை நம்ம காசில் நாமே பார்ப்போம் என்று சொன்னன.

காசு எங்கிருந்து வந்தது? பெரிய பணக்காரர்கள் கொஞ்சம்தான். மீதி எல்லாம் சில்லறை. திருநெல்வேலிக் குடும்பங்களில் பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். வாரக் கடைசியில் அது சபைக்குப் போகும். அறுவடைப் பண்டிகையில் காய்கறி, கோழி, கருப்பட்டி என்று கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். இன்றும் மலேசியத் தமிழ்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே பாணிதான்.

1905 டிசம்பர் 25இல், வங்காளத்தில் செராம்பூரில், இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியது. அசரியாவும் கே.டி. பாலும் அதில் முன்நின்றார்கள். தமிழ்நாட்டு யோசனை நாட்டு யோசனையானது.

ஏன் டோர்னக்கல்?

திருநெல்வேலிச் சங்கம் ஆள் அனுப்பத் தேர்ந்தெடுத்த இடம் டோர்னக்கல். நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில், இன்றைய தெலங்கானாவில், சிங்கரேணி நிலக்கரிப் பகுதிக்கு ரயில் பாதை பிரியும் சந்திப்பு. திருநெல்வேலியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். மொழி தெலுங்கு. ஆட்சி பிரிட்டிஷாருடையது அல்ல, நிஜாமுடையது. ஒரு திருநெல்வேலித் தமிழருக்கு அது கிட்டத்தட்ட வெளிநாடுதான்.

செயலாளராக இருந்துகொண்டு மற்றவர்களைப் போகச் சொல்வது எளிது. அசரியாவுக்கு அது ஒப்பவில்லை. 1909 ஜூன் 29இல் குருப்பட்டத்தின் முதல் நிலையைப் பெற்று, குடும்பத்தோடு தாமே டோர்னக்கல் போனார். 35 வயதில் தெலுங்கு எழுத்து படிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் கூடாரத்தில்தான் குடித்தனம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்க. மிஷன் என்றதும் நாம் போகிறவரைப் பற்றி மட்டும் பேசுவோம். அவரோடு போகும் மனைவி, பிள்ளைகள்? கேமரன் மலைக்கே இதில் ஒரு பங்குண்டு. சீனாவில் ஹட்சன் டெய்லரின் மிஷன் தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1881இல் தொடங்கிய செஃபூ பள்ளி, சீனாவை விட்டு வெளியேறிய பிறகு, 1950களில் கேமரன் மலைக்கு வந்தது. ஆசியாவின் பல நாடுகளில் பெற்றோர் ஊழியம் செய்ய, பிள்ளைகள் அந்தக் குளிர்ந்த மலையில் விடுதியில் வளர்ந்தார்கள். 2001இல் அது மூடப்பட்டது. தூர தேசத்து ஊழியத்துக்குக் காணிக்கை மட்டும் விலை அல்ல. பெற்றோரை விட்டுத் தள்ளி வளர்ந்த பிள்ளைகளும் அந்த விலையில் ஒரு பகுதி.

எடின்பரோவில் ஓர் அமைதியான புயல்

1910 ஜூன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பேர் வந்தார்கள். உலகத்துக்கே சுவிசேஷம் சொல்வது எப்படி என்று பேசக் கூடியவர்களில், ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் அசரியா.

ஒரு மாலைக் கூட்டத்தில் அவருக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது. தலைப்பு, வெளிநாட்டு ஊழியருக்கும் உள்ளூர் ஊழியருக்கும் இடையிலான ஒத்துழைப்பு. எல்லோரும் நன்றியுரை ஒன்றை எதிர்பார்த்திருப்பார்கள். அசரியா வேறொன்று பேசினார். இந்தியாவில் பல மிஷனரிகள் இந்தியப் போதகர்களைச் சம்பளம் வாங்கும் ஆட்களாகவே பார்க்கிறார்கள். வீட்டுக்கு அழைத்து உணவு மேசையில் உட்கார வைப்பதில்லை. கை குலுக்குவதற்குக்கூடத் தயங்குகிறார்கள் என்று சொன்னார். மேற்கிலிருந்து வந்தவர்களின் உழைப்பையும் தியாகத்தையும் அவர் மறுக்கவில்லை. உடைமையையும் உயிரையும் தந்த இடத்தில்கூட ஒன்று குறைகிறது, அது நட்பு என்று முடித்தார். இந்தியத் திருச்சபை கேட்பது அன்பான நண்பர்களை என்றார்.

அரங்கில் சிலருக்குக் கோபம். சிலருக்குக் கூச்சம். சிலர் நெகிழ்ந்துபோனார்கள். அந்த மாநாட்டில் பேசப்பட்ட நூற்றுக்கணக்கான உரைகளில் இன்றுவரை அதிகம் நினைவுகூரப்படுவது இதுதான்.

ஒரு தமிழர் பேராயராவதா?

சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட், அசரியாவை டோர்னக்கல் பேராயராக்க வேண்டும் என்று முயன்றார். எதிர்ப்பு பல பக்கமிருந்தும் வந்தது. வெள்ளைக்கார மிஷனரிகள் ஓர் இந்தியருக்குக் கீழே வேலை செய்வார்களா என்று ஐரோப்பியர்கள் கேட்டார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள். அதில் சாதியும் இருந்தது.

எதிர்ப்பையெல்லாம் தாண்டி, 1912 டிசம்பர் 29இல், கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில், 38 வயது அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். முதலில் கொடுக்கப்பட்டது சிறிய மறைமாவட்டம். சில ஆண்டுகளில் அது விரிந்து, ஐரோப்பிய மிஷனரிகளும் அவருடைய பொறுப்பின் கீழ் வந்தார்கள். இன்னொரு தகவலையும் கேளுங்க: அவர் இறந்த 1945 வரை, இந்தியாவின் ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய ஒரே இந்தியர் அவர்தான். கதவு ஒரு முறை திறந்தது. அப்புறம் 30 ஆண்டுகளுக்கு மேல் வேறு யாரையும் உள்ளே விடவில்லை.

ஏழைகள் கொடுத்த கதை

டோர்னக்கலில் திருச்சபைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த தலித் மக்கள். நிலமில்லாதவர்கள், கடனில் மூழ்கியவர்கள். 1930களின் நடுவில் மறைமாவட்டத்தின் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது.

அசரியா மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் எதிரிகள் என்று போதித்தார். கிராமத்துக்கு ஓர் உபதேசி, அவர் நடத்தும் ஒரு சிறு பள்ளி என்று வலை பின்னினார். பெரும்பாலும் பகலில் வயல் வேலை என்பதால் இரவு விளக்கில்தான் பாடம். போதகராகப் படிக்க வந்தவர்களின் மனைவிகளுக்கும் கூடவே பாடம் நடந்தது. அந்தப் பெண்கள் படிப்பின் பின்னால் இருந்தவர் அன்பு.

இந்த மக்களிடம் காணிக்கை கேட்கலாமா? இல்லாதவர்களிடம் கேட்பது கொடுமை என்று பலர் சொன்னார்கள். அசரியாவின் கணக்கு வேறு. வாங்கிக்கொண்டே இருப்பவர் கடைசிவரை கீழேதான் நிற்பார். ஒரு பிடி தானியமாவது கொடுப்பவர் அந்தச் சபையின் பங்காளி ஆகிறார் என்று அவர் நினைத்தார். திருநெல்வேலியின் பிடி அரிசி டோர்னக்கலின் பிடி தானியமானது. கோழி முட்டை, மிளகாய், ஆட்டுக்குட்டி என்று அறுவடைப் பண்டிகைக்கு வந்தது. கொடுப்பதைப் பற்றி அவர் எழுதிய நூல் பின்னர் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

இந்த எண்ணத்தின் கல் வடிவம் டோர்னக்கல் பேராலயம். கட்டி முடிக்கக் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு ஆனது. 1939 ஜனவரி 6இல் அர்ப்பணிக்கப்பட்டது. கோயில் மண்டபத் தூண்களும், மசூதியின் குவிமாடமும், கிறிஸ்தவச் சிலுவையும் ஒரே கட்டடத்தில் கலந்திருக்கும். இது இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான கோயில் அல்ல, இந்த மண்ணுடையது என்று அந்தக் கட்டடமே சொல்லும்.

ஆனால் முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. மக்கள் எவ்வளவு கொடுத்தாலும் அத்தனை பள்ளிகளுக்கும் ஊழியர்களுக்கும் போதவில்லை. வெளிநாட்டுச் சங்கங்களின் பணம் டோர்னக்கலுக்குக் கடைசிவரை தேவைப்பட்டது. முழுச் சுயசார்பு என்ற 1903இன் கனவு, பாதி வழியில்தான் நின்றது.

காந்தியோடு முரண்பட்டது ஏன்?

அசரியாவும் காந்தியும் எளிமையில் ஒத்துப்போகக்கூடியவர்கள். ஆனால் 1930களில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். 1935இல் அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த பிறகு மதமாற்ற விவாதம் சூடானது. தலித் மக்கள் கூட்டங்கூட்டமாக மதம் மாறுவது மனசாட்சியின் முடிவாக இருக்க முடியாது, உதவியைக் காட்டி இழுக்கிறார்கள் என்பது காந்தியின் விமர்சனம். அந்த மக்களுக்கும் யோசிக்கத் தெரியும், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்பது அசரியாவின் பதில்.

அதே நேரம், அவர் அரசியலில் கிறிஸ்தவர்களைத் தனியே பிரிப்பதை விரும்பவில்லை. 1932இல் பிரிட்டிஷ் அரசு கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுத்தபோது அதை எதிர்த்தார். கிறிஸ்தவர்கள் பொதுச் சமூகத்தோடு கலந்து நிற்க வேண்டும் என்பது அவர் நிலை.

இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. உதவியும் மதமும் ஒரே பையில் போகும்போது, வாங்குபவரின் சுதந்திரம் என்னவாகும்? இந்தக் கேள்வியை இன்றும் பலர் கேட்கிறார்கள். அசரியாவின் பதிலை ஏற்றாலும் மறுத்தாலும், அவர் அந்தக் கேள்வியிலிருந்து ஓடவில்லை.

கடைசி நாள்கள்

பிரிந்து கிடந்த திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்பது அவருடைய இன்னொரு கனவு. 1919இல் தரங்கம்பாடியில் 33 பேர் கூடிய சந்திப்பில் அந்த முயற்சி வடிவம் பெற்றது. அசரியா அதன் முக்கியத் தூண். 1945 ஜனவரி 1, புத்தாண்டு நாள், டோர்னக்கலில் அவர் காலமானார். பேராலயத்தின் அருகிலேயே அடக்கம். அவர் உழைத்த இணைப்பு 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாகப் பிறந்தது. நாடு விடுதலையடைந்து ஆறு வாரங்கள்தான் கடந்திருந்தன.

1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. இந்தியாவின் பல மாநிலங்களில் அதன் ஊழியர்களும் பள்ளிகளும் பிள்ளைகள் விடுதிகளும் இருக்கின்றன. செலவின் பெரும்பகுதியைத் தாங்குவது சாதாரணத் தமிழ்க் குடும்பங்களின் மாதக் காணிக்கை.

சரி, நமக்கு என்ன?

திரும்பக் கேமரன் மலைச் சாலைக்கு வருவோம். பாட்டி போட்ட அந்த ஐந்து ரிங்கிட்.

அந்தக் குடும்பத்தின் பழைய தலைமுறை, போதகர் வேறெங்கிருந்தோ வருவார் என்று காத்திருந்தது. இன்று அதே குடும்பம், வேறெங்கோ இருக்கும் ஒரு போதகரின் வீட்டு அடுப்பு எரியக் காரணமாகிறது. அசரியா 1902இல் யாழ்ப்பாணத்தில் பார்த்து வியந்த மாற்றம் இதுதான்.

ஆனால் கொடுக்கும் இடத்துக்கு வந்தவுடன், பழைய கொடையாளர்களின் பழக்கங்களும் நமக்கு வந்துவிடலாம். விடுதியில் படிக்கும் பிள்ளையின் படத்தைத் திரையில் போட்டு, அதன் வறுமையைச் சொல்லி, எல்லோரும் பாவம் என்று சொல்லும்போது, அந்தப் பிள்ளை அங்கே இருந்திருந்தால் எப்படி உணரும்? அந்தப் போதகரின் பெயர் நமக்குத் தெரியுமா, அல்லது நம்ம ஊழியர் என்று மட்டும் சொல்கிறோமா? பணம் எதற்குச் செலவாகணும் என்பதை அவரும் சேர்ந்து முடிவு செய்கிறாரா? அவர் ஒருநாள் மலேசியாவுக்கு வந்தால், மேடையில் சாட்சி சொல்லவைத்து அனுப்பிவிடுவோமா, வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவோமா?

நீங்கள் எந்த மதமானாலும் சரி, எந்த அமைப்பு வழியாக யாருக்கு உதவினாலும் சரி, இந்தக் கேள்விகள் பொருந்தும். 1910இல் எடின்பரோ அரங்கில் அசரியா இவற்றை வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கேட்டார். இன்று ரிங்கிட்டில் காணிக்கை போடும் நாமும் அதே அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறோம், பார்வையாளர் வரிசையில்.

அடுத்த முறை காணிக்கைப் பை உங்கள் வரிசைக்கு வரும்போது, காசோடு சேர்த்து ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்க: அந்தப் பிள்ளையின் பெயர். யாரும் சூட்டிய பெயர் இல்லை, அதன் அம்மா கூப்பிடும் பெயர்.